பதஞ்சலி யோக சூத்திரம் படிக்கப் போகிறீர்களா? நான் விழுந்த குழிகளையும் சேர்த்து ஒரு வழிகாட்டி

என் அலமாரியில் யோக சூத்திரத்துக்கு ஐந்து உரைகள் இருக்கின்றன. நான்கில் முதல் இருபது பக்கத்தில் மட்டும் பென்சில் கோடு இருக்கும், அதற்கு மேல் கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கும். தத்துவத்துக்கு ஒரு வகுப்பு, மந்திரம் சொல்ல வேறொரு வகுப்பு, தியானத்துக்குக் கைபேசியில் ஒரு செயலி என்று மூன்றையும் தனித்தனியாக ஒன்றரை வருடம் ஓட்டினேன். அத்தனைக்கும் பிறகு ஒரு சூத்திரத்தைக்கூடப் பிழையில்லாமல் சொல்ல வரவில்லை, ஏதோ சொல்ல வந்த நாலைந்துக்கும் பொருள் தெரியாது, கண்ணை மூடினால் மறுநாள் வேலைதான் ஓடும்.

மூன்றும் ஒரே பாடம் என்று எனக்கு உறைக்க அவ்வளவு காலம் பிடித்தது. இத்தனைக்கும் அது நூலிலேயே இருக்கிறது. முதல் பாதம் (பாதம் என்றால் அத்தியாயம், சூத்திரம் என்றால் மிகச் சுருக்கமான வாக்கியம்) 28வது சூத்திரம், "தஜ்ஜபஸ்தத³ர்த²பா⁴வனம்" (எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்கள் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்): அதைத் திரும்பத் திரும்பச் சொல், அதன் பொருளை மனதில் வை. ஓங்காரத்தைப் பற்றிச் சொன்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நூல் முழுவதையுமே இப்படிப் படித்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது, அன்றிலிருந்துதான் வண்டி நகர்ந்தது.

சமஸ்கிருதம் தெரியாது, வேலைக்குப் போகிறீர்கள், தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். உடம்பை வளைக்கக் கற்பதுதான் நோக்கம் என்றால் இது உதவாது. மொத்த நூலில் ஆசனத்துக்கு மூன்றே சூத்திரம்தான், இரண்டாம் பாதத்தில் 46 முதல் 48 வரை.

1. ஒரே ஒரு நூல், அதிலும் ஒரே ஒரு பகுதி

யோக சூத்திரம் 195 சூத்திரம். சமாதி பாதம் 51, சாதன பாதம் 55, விபூதி பாதம் 55, கைவல்ய பாதம் 34. சில பதிப்புகளில் 196 இருக்கும், மூன்றாம் பாதத்தில் ஒரு சூத்திரம் கூடும், அதனால் அந்தப் பாதத்தில் எண்கள் ஒன்று தள்ளிப் போகும். நீங்கள் கேட்கும் ஒலிப்பதிவும் புத்தகமும் அந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்றால் பயப்படாதீர்கள், காரணம் இதுதான்.

கீதை பிடிக்கும் என்பவர்கள் 700 சுலோகத்தையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஆறாம் அத்தியாயம் 47 சுலோகம், உட்காரும் இடம் முதல் அலைபாயும் மனம் வரை எல்லாம் அதில் வந்துவிடுகிறது. உபநிடதம்தான் வேண்டும் என்றால் கட உபநிடதம் நல்ல தொடக்கம், உடம்பைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் சொல்லும் இடம் அதில்தான் இருக்கிறது. மாண்டூக்கிய உபநிடதம் 12 மந்திரம்தானே, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று மட்டும் போய்விடாதீர்கள். நான் போனேன். அந்தப் பன்னிரண்டுக்கும் பின்னால் கௌடபாதர் செய்யுளில் எழுதிய விளக்கமான காரிகை 215 சுலோகம் நிற்கிறது, அது இல்லாமல் அந்தப் பன்னிரண்டு திறக்காது.

என் பரிந்துரை சமாதி பாதம். தத்துவ வாசனையே இல்லாதவர் என்றால் சாதன பாதத்திலிருந்து தொடங்குங்கள், அங்கே அன்றாட வாழ்க்கைக்கு நெருக்கமான பேச்சு அதிகம்.

இதில் ஒரு பொறி உண்டு. "யோகம்" என்ற சொல்லுக்கு ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு விளக்கம் தரும். கீதை 2.48இல் அது சமநிலை, 2.50இல் செயலில் திறமை, கட உபநிடதத்தில் புலன்களை அசையாமல் பிடித்து வைப்பது, பதஞ்சலியிடம் சித்தத்தின் அலைகள் அடங்குவது. "யோகம் என்றால் இணைதல்" என்று எல்லா இடத்திலும் கேட்டிருப்பீர்கள், ஆனால் யோக சூத்திரத்தின் பழைய உரையான வியாச பாஷ்யம் முதல் சூத்திரத்திலேயே "யோகம் என்றால் சமாதி" என்று எழுதிவிடுகிறது. முதல் ஆறு மாதம் எந்த நூலைப் பிடித்தீர்களோ அதன் விளக்கத்தோடு இருங்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் அப்புறம்.

2. கையில் இருக்க வேண்டியவை

நாலு பொருள் போதும்: மூலம், பதவுரை உள்ள ஒரு புத்தகம், ஒரு குரல், ஒரு நோட்டு.

மூலத்தில்தான் முதல் அடி விழும். தமிழில் ஒரே க, ஒரே ப. சமஸ்கிருதத்தில் ஒவ்வொன்றுக்கும் நான்கு ஒலி. அதனால்தான் நல்ல பதிப்புகளில் க, க², க³, க⁴ என்று பக்கத்தில் எண் போடுவார்கள். எண் இல்லாத புத்தகத்தில் "பல" என்று இருந்தால் அது ப³ல, அதாவது வலிமையா, இல்லை ப²ல, அதாவது பழமா என்று யாருக்குத் தெரியும்? நான் முதலில் வாங்கியது எண் இல்லாத புத்தகம், அதோடு ஸ, ச இரண்டையும் ஒரே சகரத்தில் அச்சடித்தது. "சித்த" என்பதை ஒரு வருடம் சித்தர், சித்தி என்பதில் வரும் "ஸித்³த⁴" போலவே சொல்லிக்கொண்டிருந்தேன். இது சித்தம், மனம். அது வேறு சொல், வேறு பொருள். பழகிய நாக்கைத் திருப்ப மூன்று மாதம் ஆனது, புதிதாகக் கற்றிருந்தால் மூன்று நாள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டாவது சூத்திரம் உள்ள பக்கத்தைத் திறங்கள். "யோக³ஶ்சித்தவ்ருத்திநிரோத⁴:" என்று எண்களோடும் கடைசியில் இரண்டு புள்ளியோடும் இருந்தால் எடுக்கலாம். "யோக சித்த விருத்தி நிரோதம்" என்று தமிழாக்கிப் போட்டிருந்தால் அது வாசிக்க நல்ல புத்தகமாக இருக்கலாம், ஓத உதவாது. தேவநாகரி எழுத்தை இரண்டு மூன்று வாரம் ஒதுக்கிக் கற்றுக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. நான் அதைக் கடைசியில் செய்தேன், முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

உரை ஒன்று மட்டும். ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பொருள் தருகிறதா என்று மட்டும் பாருங்கள். வியாச பாஷ்யம், அதற்கு வாசஸ்பதி மிஸ்ரர் எழுதிய விளக்கம் எல்லாம் இரண்டாவது சுற்றுக்கு. பாஷ்யத்தைத் தொடுவதற்கு முன்னால் சுருக்கமாக ஏதாவது வேண்டும் என்றால் போஜ ராஜனின் விருத்தி என்ற உரை இருக்கிறது, அளவில் சின்னது. மூலமும் பழைய உரைகளும் பதிப்புரிமைக் காலம் தாண்டியவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

குரல் விஷயத்தில் ஒருவரையே பிடித்துக்கொள்ளுங்கள். பின்னணி இசை, தம்புரா, பறவைச் சத்தம் சேர்த்த பதிவுகள் வேண்டாம், நெடிலும் குறிலும் அதில் கரைந்துவிடும்.

3. கண்ணுக்கு முன்னால் காது

புத்தகத்தைப் பார்த்துப் படித்து மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் மூன்று நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு சூத்திரத்தைக் கேட்க மட்டும் செய்யுங்கள். பிறகு சந்தை முறை: ஆசிரியர் ஒரு தடவை சொல்ல, மாணவர் இரண்டு தடவை சொல்வது. பாடசாலைகளில் இன்றும் இப்படித்தான் நடக்கிறது. ஆள் இல்லையென்றால் பதிவை ஒரு தடவை ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு தடவை சொல்லுங்கள். பதிவோடு சேர்ந்து சொன்னால் உங்கள் தவறு உங்களுக்கே கேட்காது.

எதைக் கவனிப்பது என்பதற்கு தைத்திரீய உபநிடதத்தின் முதல் பகுதியான சீக்ஷாவல்லி தொடக்கத்திலேயே ஆறு விஷயம் அடுக்கிவிடுகிறது: எழுத்து, ஸ்வரம் (குரலின் ஏற்ற இறக்கம்), மாத்திரை (ஒலிக்கும் நேர அளவு), பலம் (அழுத்தம்), சீராகச் சொல்லுதல், தொடர்ச்சி. தமிழ் வாய்க்கு முதலும் மூன்றாவதும்தான் சோதனை. "தஸ்ய வாசக: ப்ரணவ:" என்பது யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் 27வது சூத்திரம். நம் வாய் தானாகவே அதை "வாசகம்" என்று சொல்லும்போது வருகிற மாதிரி இழைத்துவிடும், நடுவில் வரும் சகரம் ஸ ஆகும், ககரம் மெலியும். அங்கே வர வேண்டியது "அச்சம்" என்பதில் வரும் ச, "பக்கம்" என்பதில் வரும் க, ஆனால் இரட்டிக்காமல். சொல்லிப் பாருங்கள், முதல் பத்துத் தடவை வராது.

கடைசியில் வரும் இரண்டு புள்ளியை விழுங்கிவிடாதீர்கள். சூத்திரத்தின் முடிவில் அதற்கு முன்னால் உள்ள உயிரை எதிரொலிக்கும்: நிரோத⁴: என்றால் "நிரோதஹ", பூ⁴மி: என்றால் "பூமிஹி". மூச்சு எங்கே விடுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 30வது சூத்திரம் ஒன்பது தடைகளை ஒரே தொடராக அடுக்கும், சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினால் பொருளும் உடைந்து போகும்.

ஸ்வரம் பற்றி ஒரு எச்சரிக்கை. யோக சூத்திரமும் கீதையும் வேதப் பகுதி இல்லை, ஏற்ற இறக்கக் குறிகள் அவற்றுக்குக் கிடையாது. சில பரம்பரைகளில் சூத்திரத்தை வேதம் போலவே இசைத்துச் சொல்லித் தருவார்கள், அப்படிக் கற்றால் அப்படியே சொல்லுங்கள். தைத்திரீயம் அப்படியில்லை. எழுத்துக்குக் கீழே படுகோடு இருந்தால் இறக்கம், மேலே நிற்கும் கோடு இருந்தால் ஏற்றம், இரட்டைக் கோடு என்றால் நீட்டிய ஏற்றம். வகுப்புத் தொடங்கும்போது சொல்லும் "ஸஹ நாவவது" அங்கிருந்து வருவதுதான். அதை ஆள் முன்னால் உட்கார்ந்துதான் கற்க வேண்டும், பதிவை வைத்து முயலாதீர்கள்.

4. பொருள்: தமிழ் தெரிந்திருப்பதே இங்கே இடைஞ்சல்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நூலில் பாதிச் சொற்கள் நமக்குத் தெரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் வம்பு.

"விருத்தி" என்றால் நமக்கு வளர்ச்சி. ஆக சித்த விருத்தியை நிறுத்துவது என்றால் மன வளர்ச்சியை நிறுத்துவதா என்று நான் உண்மையிலேயே குழம்பினேன், வகுப்பில் கேட்கக் கூச்சமாக இருந்தது. வளர்ச்சி என்பது வ்ருத்³தி⁴. இங்கே இருப்பது வ்ருத்தி, மனம் எடுக்கும் உருவம், அதன் அசைவு. எண் போட்ட புத்தகம் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

"வைராக்கியம்" இன்னும் மோசம். வைராக்கியமாக இருக்கிறான் என்றால் நாம் சொல்வது பிடிவாதமாக, விடாப்பிடியாக. சூத்திரத்தில் அது பற்று விட்டுப் போவது, கிட்டத்தட்ட நேர் எதிர்த் திசை. 12வது சூத்திரம் அப்யாசம் (பயிற்சி), வைராக்கியம் இரண்டாலும் மனம் அடங்கும் என்கிறது. நம் பொருளில் படித்தால் "முயற்சி செய், இன்னும் முறுக்கிப் பிடி" என்று ஆகிவிடும். ஒரு கை பிடிக்க, இன்னொரு கை விட என்று சொல்லும் இடம் அது. கீதை 6.35இல் கண்ணன் அர்ஜுனனுக்குச் சொல்வதும் இதே ஜோடியைத்தான்.

"பிரமாணம்" பதவியேற்பில் எடுப்பது இல்லை, சரியான அறிவு கிடைக்கும் வழி. "ராகம்" பாட்டு இல்லை, இன்பத்தைத் தொடர்ந்து வரும் ஆசை. "சமாதி" கல்லறை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்த சொல் வந்தால் அங்கேதான் அகராதியை எடுக்க வேண்டும், தெரியாத சொல்லை எப்படியும் தேடிவிடுவோம்.

நோட்டில் நான் செய்வது இது. ஒரு பக்கத்துக்கு ஒரு சூத்திரம். மேலே மூலம், அதன் கீழே பிரித்த சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பொருள், பிறகு உரையைப் பார்க்காமல் என் தமிழில் ஒரு வாக்கியம், கடைசியில்தான் உரை. உதாரணத்துக்கு 14வது சூத்திரம்: "ஸ து தீ³ர்க⁴கால நைரந்தர்ய ஸத்காராஸேவிதோ த்³ருட⁴பூ⁴மி:". ஸ து, அதுவோ (அதாவது பயிற்சியோ). தீ³ர்க⁴கால, நீண்ட காலம். நைரந்தர்ய, இடைவெளி விடாமல். ஸத்கார, மதிப்போடு. ஆஸேவித, ஈடுபட்டுச் செய்யப்பட்டால். த்³ருட⁴பூ⁴மி, உறுதியான தரை. என் வாக்கியம்: "ரொம்ப நாள், விடாமல், அலட்சியம் இல்லாமல் செய்தால் கால் ஊன்ற இடம் கிடைக்கும்." அழகான மொழிபெயர்ப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் மறக்கவில்லை. பாரதியார் சமாதி பாதத்தைத் தமிழில் தந்திருக்கிறார், உங்கள் வாக்கியத்தை எழுதிய பிறகு அதைத் திறந்து பார்ப்பது தனிச் சுகம்.

5. உட்காருவது

ஓதி முடித்து, பொருளைப் பார்த்து, நோட்டை மூடிய கையோடு உட்காருங்கள். பத்து நிமிடம் போதும். நாற்காலி ஆகும். 2.46 கேட்பது இரண்டுதான், நிலையாக இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். பத்மாசனம் போட்டு முட்டி வலியையே தியானித்த அனுபவம் எனக்கு உண்டு.

முதலில் நாலைந்து மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், 1.34இலும் இது வருகிறது. பிறகு அன்றைய சூத்திரத்தை மூன்று தடவை வாய்விட்டு, மூன்று தடவை உதடு மட்டும் அசைய, மூன்று தடவை மனதுக்குள். அப்புறம் சொல்லாமல் அதன் பொருளோடு இருங்கள். மனம் ஓடும். ஓடியது தெரிந்ததும் சூத்திரத்தை மனதுக்குள் ஒரு தடவை சொல்லித் திரும்புங்கள். ஒரு இடத்தில் மனதைக் கட்டுவது தாரணை (3.1), அங்கேயே ஒரே ஓட்டமாகத் தொடர்வது தியானம் (3.2). முதல் வருடம் நடப்பதெல்லாம் தாரணைக்கான முயற்சிதான், அதனால் "எனக்குத் தியானம் வரவில்லை" என்ற புலம்பலுக்கு இடமே இல்லை.

மூன்றாம் பாதத்தில் யானை பலம், பிறர் மனம் அறிவது என்று சக்திகள் வரிசையாக வரும். அதை முதலில் படிக்க ஆசை வரும், எல்லோருக்கும் வரும். அந்தப் பாதமே அவை சமாதிக்கு இடைஞ்சல் என்றும் சொல்லிவிடுகிறது.

முக்கியமான ஒன்று. கண்ணை மூடினால் படபடப்பு கூடுகிறது, பழைய பயங்கள் மேலே வருகின்றன, தூக்கம் கெடுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள், கண் திறந்து ஓதுவதோடு இருங்கள், மருத்துவரைப் பாருங்கள். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் எந்த ஆசிரியர் சொன்னாலும் மருந்தை நிறுத்தக் கூடாது.

6. நேரக் கணக்கு

அரை மணியைப் பழையதை ஓதப் பத்து நிமிடம், புதியது ஓதவும் பொருளுக்கும் பத்து, உட்காரப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று புதிய சூத்திரம், அதற்கு மேல் வேண்டாம். மூன்று வாரம் புதியது, நாலாவது வாரம் திருப்பிப் பார்ப்பது மட்டும். இந்தக் கணக்கில் சமாதி பாதம் ஐந்தரை மாதத்தில் முடியும், 195ம் முடிய ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேலே ஆகும். நான் சுற்றி வீணடித்த அதே காலம், அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

விடியற்காலைதான் என்று அடம் பிடிக்க வேண்டாம். தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். ஆறாவது ஏழாவது வாரத்தில் சலிப்பு வரும், திருப்பிப் பார்க்கும் வாரத்தைத் தாண்டி ஓடச் சொல்லும். அப்போது 30வது சூத்திரத்தின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: நோய், மந்தம், சந்தேகம், கவனமின்மை, சோம்பல், புலன்களின் பின்னால் போவது, தப்பான புரிதல், நிலை எட்டாமை, எட்டியதில் நிற்காமை. எனக்கு அது சந்தேகம், அதாவது இன்னொரு நல்ல உரை எங்கோ இருக்கிறது என்ற எண்ணம். ஐந்து புத்தகம் சேர்ந்த கதை அதுதான்.

7. ஆசிரியர், பணம், காகிதம்

செலவு செய்வதென்றால் உச்சரிப்பைத் திருத்தும் ஒரு ஆளுக்குச் செய்யுங்கள். ஜபமாலை, விரிப்பு, பிரத்யேக இருக்கை, ஆறாவது உரை எதுவும் அவசரம் இல்லை. வாரம் ஒரு நேரடி வகுப்பு, மற்ற நாள் வீட்டில் என்பது போதுமானது.

சேர்வதற்கு முன் கேளுங்கள்: எந்த மூலப் பதிப்பு, எந்த உரை, எத்தனை மாதத்தில் எதுவரை, ஒலிப்பதிவு செய்துகொள்ளலாமா, பாதியில் நின்றால் பணம் திரும்புமா, தட்சிணை என்றால் எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள். கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு நான் ஒரு முகாமின் முடிவில் நெளிந்திருக்கிறேன். இணைய வகுப்பு என்றால் ஒவ்வொருவரையும் தனியாகச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாரா என்பதும் முக்கியம். சத்தம் தாமதமாகப் போய்ச் சேருவதால் காணொளி அழைப்பில் சேர்ந்து ஓத முடியாது, எல்லோர் ஒலிவாங்கியையும் அணைத்துவிட்டு நடத்தினால் உங்கள் பிழை அப்படியே இருக்கும்.

யோகா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தால் தத்துவமும் வந்துவிடும் என்று நம்பாதீர்கள். யோகா பள்ளிகளைப் பதிவு செய்யும் அமெரிக்க அமைப்பான யோகா அலையன்ஸ் வகுத்த 200 மணி நேரப் பயிற்சியில் தத்துவம், வரலாறு, ஒழுக்கநெறி எல்லாம் சேர்த்துக் கட்டாயம் 30 மணி நேரம்தான். நூல் படிக்கச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

தங்கிப் படிக்கும் முகாம் என்றால் அடையாள அட்டை நகல், எடுக்கும் மருந்துகளின் பட்டியல், அவசரத் தொடர்பு எண் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் இந்தியாவுக்கு வந்து படிப்பதானால் குறுகிய கால யோகப் பயிற்சிக்கு மின்சுற்றுலா (e-Tourist) விசா போதும், ஆனால் பட்டயம் தரும் நீண்ட படிப்புக்கு அது செல்லாது. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்க வேண்டும். சேர்க்கைக் கட்டணத்தை விசா கைக்கு வந்த பிறகு கட்டுங்கள்.

8. முதல் வாரம்

திங்கள் முதல் புதன் வரை 1.1, 1.2, 1.3 மூன்றையும் புத்தகம் திறக்காமல் கேளுங்கள், நாளுக்கு இருபது தடவை, பயணத்தில் கேட்டாலும் சரி. வியாழன் முதல் சந்தை, ஒரு நாளுக்கு ஒரு சூத்திரம். ஞாயிறு உங்கள் குரலைக் கைபேசியில் பதிந்து மூலப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். "நிரோத⁴:" என்ற இடத்தில் தகரம் மூச்சோடு அழுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நாலாவது சூத்திரத்துக்குப் போகாதீர்கள், இன்னொரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.